இ.பி.ஆர். அணு உலை: வாங்க நினைக்கும் நாடுகளுக்கு ஒரு வெல்டிங் ஆய்வாளரின் விமர்சனம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் என்று பார்த்தால் இ.பி.ஆர். அணு உலைக்கு ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். சொன்ன விலை, சொன்ன தேதி என்று பார்த்தால் ஐந்துக்கு ஒன்றுதான். இரண்டையும் கூட்டிச் சராசரி போடுவது நியாயமில்லை. உலை நன்றாக ஓடுகிறது என்பதற்காகப் பதினான்கு வருடத் தாமதம் இல்லாமல் போய்விடாது. தாமதமானதால் உலை மோசமானதாகவும் ஆகிவிடாது.

நான் யார் என்பதையும் சொல்லவேண்டும். அனல் மின் நிலையங்களில் உயர் அழுத்த நீராவிக் குழாய்களின் வெல்டிங்கைப் பரிசோதிப்பது என் தொழில். வெல்டிங்கை எக்ஸ்ரே மாதிரி படமெடுத்த ரேடியோகிராபி ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தே கண் பழகியவன். அணு உலைக்குள் வேலை பார்த்ததில்லை. ஆனால் இந்த மாடலை வாங்கிய நாடுகளில் என்ன நடந்தது என்பதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். அங்கே வந்த சிக்கல்களில் பாதி, என் தொழிலில் நாங்கள் தினமும் பார்ப்பவை. அதனால்தான் இதை எழுத எனக்கு ஓரளவு தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் பொருள். செர்னோபிலுக்குப் பிறகு, பிரான்சின் ஃபிராமடோமும் ஜெர்மனியின் சீமென்ஸும் சேர்ந்து வடிவமைத்த உலை இது. பிரெஞ்சுக்காரர்களின் என்4 வகையும் ஜெர்மானியர்களின் கோன்வாய் வகையும் இதற்குத் தாய் தகப்பன். ஒரே யூனிட்டில் 1,600 மெகாவாட்டுக்கு மேல் மின்சாரம் தருகிறது. ஆயுள் 60 ஆண்டு. உலையைச் சுற்றி இரட்டைச் சுவர். எரிபொருள் உருகிக் கீழே கொட்டும் நிலை வந்தாலும், அதைப் பரப்பிக் குளிரவைக்க அடியில் தனியாக ஒரு இடம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நான்கு பாதுகாப்பு வரிசைகள். விபத்து நேரத்தில் உலையைக் குளிர்விக்கும் பம்புகள், குழாய்கள், மின்சாரம் எல்லாம் நான்கு தொகுதிகளாகத் தனித்தனிக் கட்டடங்களில் இருக்கின்றன. ஒன்று பராமரிப்பில் இருக்கட்டும், ஒன்று விபத்திலேயே சேதமாகட்டும், இன்னொன்று ஸ்டார்ட் ஆகாமல் போகட்டும், மிச்சமுள்ள ஒன்றே வேலையை முடித்துவிடும். மனிதர்கள் இவ்வளவு பொறுப்போடு யோசித்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது மரியாதை வருகிறது. அதே சமயம் என் தொழில்புத்தி வேறொரு கணக்கும் போடுகிறது. நான்கு மடங்கு பம்பு, நான்கு மடங்கு வால்வு, நான்கு மடங்கு கேபிள், நான்கு மடங்கு வெல்டிங். ஒவ்வொன்றுக்கும் டிராயிங் வேண்டும், ஆய்வு வேண்டும், கையெழுத்து வேண்டும். இதைக் கட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று விற்றவர்கள் முறையாக எண்ணிப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

முதல் வாடிக்கையாளர் பின்லாந்து. டிவிஓ என்ற நிறுவனம் 2003 டிசம்பரில் பிரான்சின் அரேவாவும் சீமென்ஸும் சேர்ந்த கூட்டணியிடம் ஓல்கிலுவோட்டோ 3 என்ற உலைக்கு ஆர்டர் கொடுத்தது. விலை சுமார் 300 கோடி யூரோ. கூடினாலும் குறைந்தாலும் அதே விலைதான் என்ற ஒப்பந்தம். 2009-ல் மின்சாரம் வரும் என்றார்கள். கிரிட்டில், அதாவது நாட்டின் மின்வலையில், இணைந்தது 2022 மார்ச்சில். வழக்கமான உற்பத்தி தொடங்கியது 2023 ஏப்ரலில். மொத்தச் செலவு சுமார் 1,100 கோடி யூரோ என்று மதிப்பிடப்படுகிறது.

அந்த 14 வருடத் தாமதம் எங்கே தொடங்கியது? அடித்தளத்திலேயே. 2005-ல் ஊற்றிய காங்கிரீட்டில் தண்ணீர் அளவு அதிகம் என்று தெரியவந்தது. பின்லாந்தின் ஒழுங்குமுறை அமைப்பான ஸ்டூக் விசாரித்து 2006-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. காங்கிரீட்டை மட்டும் அது குறை சொல்லவில்லை. விரிவான டிசைனுக்கு எவ்வளவு காலமும் ஆளும் வேண்டும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள், துணை ஒப்பந்தக்காரர்கள் பலருக்கு அணுமின் நிலையத் தரம் என்றால் என்ன என்பதே பழக்கமில்லை என்றது. வேலை தொடங்கி ஒரு வருடம்கூட நிறையாத நேரத்தில் எழுதப்பட்ட அந்த வரிகளை, பிறகு இதே மாடல் கட்டப்பட்ட ஐரோப்பிய இடங்கள் எல்லாவற்றிலும் அப்படியே ஒட்டலாம்.

டிசைன் முடியவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி. 2009 நவம்பரில் பின்லாந்து, பிரான்ஸ், பிரிட்டன் மூன்று நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகளும் சேர்ந்து ஒரே அறிக்கை விட்டன. உலையைத் தினசரி இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்பும், ஆபத்தில் காப்பாற்ற வேண்டிய பாதுகாப்பு அமைப்பும் ஒன்றுக்கொன்று போதுமான அளவு தனித்து நிற்கவில்லை, டிசைனைத் திருத்துங்கள் என்றன. அப்போது பின்லாந்தில் காங்கிரீட் ஊற்ற ஆரம்பித்து நான்கு வருடம், பிரான்சில் இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுவர் எழுந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஓடவேண்டிய நரம்புமண்டலம் எப்படி இருக்கவேண்டும் என்பது இன்னும் காகிதத்தில்கூட முடிவாகவில்லை.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஒரு அனல் நிலையத்தில் பிரதான நீராவிக் குழாயில் ஒரு எல்போ ஜாயிண்ட், குழாய் வளையும் இடத்து இணைப்பு. ஃபிட்-அப் (முனைகளைப் பொருத்தியது) சரி, ரூட் பாஸ் (முதல் அடுக்கு வெல்டிங்) சரி, ஃபிலிம் கண்ணாடி மாதிரி சுத்தம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நாளில் டிராயிங் திருத்தம் வந்தது. குழாயைத் தாங்கும் சப்போர்ட்டின் இடம் மாறியதால் அந்த ஜாயிண்டே நகரவேண்டும் என்றார்கள். ஒரு குறையும் இல்லாத வெல்டிங்கை வெட்டி எடுத்தார்கள். அதைப் போட்ட வெல்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. திருத்தம் அனுப்பிய அலுவலகத்துக்கு அது ஒரு காகிதம். தளத்தில் அது இரண்டு ஷிஃப்ட் ஆட்களும், ஹீட் ட்ரீட்மெண்ட்டும், மறுபடி ரேடியோகிராபியும், அந்த மனிதரின் மனமும். சாதாரண நிலையத்திலேயே இப்படி என்றால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டிய அணுமின் நிலையத்தில் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிரான்சின் ஃபிளமான்வில் 3 பற்றி நீளமாகத்தான் எழுதப்போகிறேன், ஏனென்றால் அது வெல்டிங்கில் மாட்டிய கதை. 2007 டிசம்பரில் முதல் காங்கிரீட். 330 கோடி யூரோ, 2012-ல் தயார் என்பது வாக்குறுதி. கிரிட்டில் சேர்ந்தது 2024 டிசம்பர் 21. செலவு 1,320 கோடி யூரோ என்கிறது கட்டிய ஈ.டி.எஃப். நிறுவனம். வட்டி முதலானவற்றையும் சேர்த்தால் 2,370 கோடி யூரோ என்று பிரான்சின் தணிக்கை நீதிமன்றம் 2025-ல் கணக்குக் காட்டியது. இரண்டும் பொய்யில்லை. முதல் எண்ணில் கட்டுமானச் செலவு மட்டும், இரண்டாவதில் காத்திருந்த காலத்தின் விலையும் இருக்கிறது. விலைச்சீட்டைப் படிப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். விற்பவர்கள் எப்போதும் முதல் எண்ணைத்தான் சொல்வார்கள்.

இனி வெல்டிங். உலையின் வெப்பத்தில் உருவாகும் நீராவியை டர்பைனுக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு ஈ.டி.எஃப். ஒரு மிக உயர்ந்த தரத்தைத் தானாகவே தேர்ந்தெடுத்தது. இந்தக் குழாய் உடையவே உடையாது என்று நிரூபிக்கும் அளவுக்குத் தரமாகச் செய்கிறோம், ஆகவே உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கான ஏற்பாடுகளைச் செய்யத் தேவையில்லை என்பது அதன் பொருள். தைரியமான முடிவு. ஆனால் அந்த உயர்ந்த தரம் வெல்டிங் செய்த ஒப்பந்தக்காரர்களின் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் வழக்கமான அணுசக்தித் தரத்தைக் குறிவைத்துச் செய்தார்கள். அது மட்டுமில்லை. 2018-ல் மறுபடி பரிசோதித்தபோது, முன்பு சரி என்று கையெழுத்தான வெல்டிங்குகளிலேயே குறைகள் தெரிந்தன. பார்த்த 148 வெல்டிங்குகளில் 33-ல் பழுதுபார்க்க வேண்டிய குறை என்று அந்த வருடம் ஈ.டி.எஃப். அறிவித்தது. ஆய்வாளராக எனக்கு இந்த எண் மிகவும் வலிக்கிறது. குறை வருவது சகஜம். அதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் இருக்கிறோம். முதல் ஆய்வு கோட்டைவிட்டதை அத்தனை வருடம் கழித்து இரண்டாவது ஆய்வு கண்டது என்றால், முதல் ஆய்வுக்கு அங்கே என்ன மரியாதை இருந்தது?

அந்த உயர்ந்த தரத்தை எட்டாத வெல்டிங்குகளில் எட்டு, நான் மேலே சொன்ன இரட்டைச் சுவர்களுக்கு நடுவில் இருந்தன. குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் இடம். கட்டடம் எழுந்த பிறகு அங்கே ஆள் நின்று வேலை செய்ய வழியில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட அனுமதி கேட்டது ஈ.டி.எஃப். ஒழுங்குமுறை அமைப்பான ஏ.எஸ்.என். 2019 ஜூனில் முடியாது, சரிசெய்தே ஆகவேண்டும் என்றது. குழாயின் உள்ளே போய் வேலை செய்யும் ரோபோக்களை உருவாக்கி, ஒத்திகை பார்த்து, ஒப்புதல் வாங்கி, பிறகுதான் தொட்டார்கள்.

வெளியாட்களுக்கு எட்டு வெல்டிங் என்றால் சின்ன விஷயமாகத் தெரியலாம். தடித்த குழாயில் ஒரு ஜாயிண்டைத் திரும்பச் செய்வதென்றால், பழைய உலோகத்தை முழுக்க எடுக்கவேண்டும். விளிம்பைச் சீவி, இரண்டு முனைகளும் மயிரிழை பிசகாமல் நேர்நிற்க வைக்கவேண்டும். சூடேற்றவேண்டும், அந்தச் சூட்டை வேலை முடியும்வரை குறையவிடாமல் பிடித்துவைக்கவேண்டும். அடுக்கு அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தேய்த்துச் சுத்தம் செய்து பார்க்கவேண்டும். பிறகு ஹீட் ட்ரீட்மெண்ட், ஆறவைத்தல், ரேடியோகிராபி, அல்ட்ராசோனிக். இதெல்லாம் எல்லாமே நல்லபடியாகப் போனால். ஒரு இடத்தில் கசடு மாட்டியிருந்தால் மறுபடி முதலிலிருந்து. 2019 அக்டோபரில் ஈ.டி.எஃப். வெல்டிங்குக்காக மட்டும் திட்ட மதிப்பை 1,090 கோடி யூரோவிலிருந்து 1,240 கோடிக்கு ஏற்றியது. அதாவது 150 கோடி யூரோ, மேலே சொன்ன வேலைக்கு.

அதே மாதத்தில் பிரெஞ்சு அரசுக்காக ஜான்-மார்ட்டின் ஃபோல்ஸ் கொடுத்த அறிக்கையும் வந்தது. கார் தயாரிக்கும் பெஜோ–சித்ரோயன் குழுமத்தை நடத்தியவர் அவர். ஆரம்ப மதிப்பீடே யதார்த்தமில்லாதது, டிசைன் முடியாமலே கட்ட ஆரம்பித்தார்கள், திட்டத்துக்குப் பொறுப்பான ஒற்றைத் தலைமை இல்லை, தொழில்திறன் கைவிட்டுப் போயிருந்தது என்று பட்டியல் போட்டார். கடைசிக் காரணம்தான் என் மனதில் தைத்தது. பிரான்ஸ் 1970-களிலும் 80-களிலும் வரிசையாக உலைகளைக் கட்டிய நாடு. ஃபிளமான்வில் 3-க்கு முன்பு கடைசியாக அவர்கள் கட்டத் தொடங்கிய உலை சிவோ 2. அது 1991. நடுவில் 16 வருடம். ஒரு நல்ல வெல்டர் தேறப் பல வருடம் ஆகும். அவர் கையில் இருப்பதை இன்னொருவருக்குக் கொடுக்க அருகருகே நின்று வேலை செய்யவேண்டும். 16 வருடத்தில் அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றுப் போய்விட்டது, கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

தாமதம் ஏன் இவ்வளவு விலையேற்றுகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கட்டுமானச் செலவு 100 என்று வையுங்கள். அதை வருடங்களில் சமமாகப் பிரித்துச் செலவழிக்கிறோம், வட்டி 9 சதவீதம். ஆறு வருடத்தில் முடித்தால், திறக்கும் நாளில் தலையில் இருக்கும் கடன் சுமார் 131. அதே 100-ஐப் பன்னிரண்டு வருடம் இழுத்தால் சுமார் 175. கூடுதலாக ஒரு செங்கல்கூட வைக்காமல் வந்த 44 இது. வட்டி 4 சதவீதமாக இருந்தால் 113, 128 என்று அடங்கிவிடுகிறது. ஆக, இந்தப் பொருளின் விலையில் பெரிய பங்கு காலமும் வட்டியும். யார் கடன் கொடுக்கிறார்கள், எந்த வட்டிக்கு என்பது, எந்த நிறுவனத்தின் உலை என்பதைவிட விலையை அதிகம் மாற்றக்கூடியது.

பிரிட்டனின் ஹிங்க்லி பாயிண்ட் சி தாமதத்துக்கு இன்னொரு உதாரணம். இரண்டு இ.பி.ஆர்., 3,200 மெகாவாட். 2016-ல் ஒப்பந்தம் ஆனபோது 1,800 கோடி பவுண்டு, 2025-ல் தயார். 2024 ஜனவரியில் ஈ.டி.எஃப். சொன்ன புதுக் கணக்கு, அதே 2015 விலைவாசியில், 3,100 முதல் 3,500 கோடி பவுண்டு. முதல் யூனிட் 2029-க்கும் 2031-க்கும் இடையில். பிரிட்டிஷ் விதிகளுக்கு ஏற்ப சுமார் 7,000 டிசைன் மாற்றங்கள் தேவைப்பட்டன, அதனால் எஃகு 35 சதவீதமும் காங்கிரீட் 25 சதவீதமும் கூடின என்று விளக்கம் சொன்னார்கள். விதிகளைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஃபிளமான்வில்லில் எட்டு வெல்டிங்கை விடமாட்டேன் என்று ஏ.எஸ்.என். நின்றது சரி, பின்லாந்தில் ஸ்டூக் நின்றதும் சரி. ஆனால் அந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களும் மண்ணைத் தோண்டும் முன்பு மேசையில் தீர்ந்திருக்க வேண்டியவை.

அங்கே விலை ஒப்பந்தம் வேறு மாதிரி. ஒரு மெகாவாட்-மணிக்கு 92.50 பவுண்டு, 2012 விலைவாசியில், 35 வருடத்துக்கு, பணவீக்கத்தோடு ஏறும். கட்டும் செலவு எகிறினால் அது கட்டுபவர் பாடு. நுகர்வோருக்கு நல்லது போலத் தோன்றும். ஆனால் பின்லாந்தில் நிலைவிலைக்கு விற்ற அரேவா என்ன ஆனது? நஷ்டத்தில் மூழ்கி, உலைத் தொழிலை ஈ.டி.எஃப்.பிடம் ஒப்படைத்தது, பிரெஞ்சு அரசு பணம் போட்டுத் தூக்கிவிட வேண்டியதாயிற்று. பின்லாந்துக்காரர்களின் உலைக்குப் பிரெஞ்சு மக்கள் பணம் கொடுத்தார்கள். அமெரிக்காவில் வேறு மாடலான ஏ.பி.1000 உலைகளைக் கட்டிக்கொண்டிருந்த வெஸ்டிங்ஹவுஸ் 2017 மார்ச்சில் திவாலானது. தெற்கு கரோலினாவில் சுமார் 900 கோடி டாலர் செலவழித்த பிறகு இரண்டு உலைகளையும் அந்த ஜூலையில் கைவிட்டார்கள். ஒரு யூனிட் மின்சாரம்கூட வராத அந்தத் திட்டத்துக்கு அங்குள்ள நுகர்வோர் மின்கட்டணத்தில் பணம் கட்டினார்கள். இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மற்ற மாடல்கள் தேவலையா? ஏ.பி.1000, தொழிற்சாலையில் பகுதிகளைச் செய்து கொண்டுவந்து கோத்தால் போதும் என்று விற்கப்பட்டது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள வோக்டல் நிலையத்துக்கு வந்த பகுதிகள் வெல்டிங்கிலும் ஆவணத்திலும் குறையோடு வந்தன. 1,400 கோடி டாலர் என்று ஆரம்பித்த இரண்டு உலைகள் 3,000 கோடியைத் தாண்டி, 2023-லும் 2024-லும் ஓடத் தொடங்கின, ஏழு வருடம் பிந்தி. அமீரகத்தின் பராக்காவில் கொரியர்கள் நான்கு உலை கட்டினார்கள். அங்கேயும் தாமதம் உண்டு, ஆனால் முதல் யூனிட் 2012-ல் தொடங்கி 2020-ல் கிரிட்டுக்கு வந்தது, நான்காவது 2024-ல் வணிக உற்பத்திக்கு வந்தது. கொரியர்கள் தங்கள் நாட்டில் இடைவிடாமல் கட்டிக்கொண்டிருந்தவர்கள். இ.பி.ஆரையே சீனர்கள் தைஷானில் இரண்டு கட்டினார்கள். 2009-ல் தொடங்கியது, முதலாவது 2018 டிசம்பரில் வணிக உற்பத்தி. திட்டமிட்டதைவிட இரண்டு மடங்கு காலம், இருந்தாலும் நான்கு வருடம் முன்னால் தொடங்கிய பின்லாந்தை முந்திவிட்டது. அதே உலைதான். தொடர்ந்து கட்டும் கைகள் இருந்தன.

கையில் கிடைத்தபின் எப்படி? பின்லாந்தில் ஓல்கிலுவோட்டோ 3 மட்டும் நாட்டு மின்சாரத்தில் சுமார் 14 சதவீதம் தருகிறது. குளிர்காலமும் இரவும் அதற்கு ஒன்றுதான். கரியமில வாயு இல்லை. இதற்காகத்தான் என் நாலரை. குறைத்த அரையில், ஃபிளமான்வில்லின் அழுத்தக் கலன் (எரிபொருள் இருக்கும் எஃகுக் கலம்) மூடியும் இருக்கிறது. எஃகில் கார்பன் அளவு அதிகம் என்று 2015-ல் தெரிந்து, ஓடலாம், ஆனால் மூடியை மாற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புதல் வந்த மூடி அது.

இப்போது வாங்க நினைப்பவர்கள் முன் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று இ.பி.ஆர்.2 என்ற எளிமைப்படுத்திய மாடல். நான்கு பாதுகாப்பு வரிசைகள் மூன்றாகின்றன, இரட்டைச் சுவருக்குப் பதில் உட்புறம் எஃகு வேய்ந்த ஒற்றைச் சுவர், வால்வு, குழாய், கதவு வகைகளும் குறைவு. ஓர் ஆய்வாளருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்கமுடியாது. ஆனால் பிரான்ஸ் திட்டமிடும் ஆறு உலைகளின் மதிப்பு ஒரு காங்கிரீட் லாரி வருவதற்கு முன்பே, 2024-லேயே, 5,170 கோடி யூரோவிலிருந்து 6,740 கோடிக்குப் போய்விட்டது. முதல் யூனிட் 2035 என்றவர்கள் 2038 என்கிறார்கள். இந்த ஏற்றம் எனக்குப் பயமாக இல்லை. காகிதத்தில் ஏறும் விலை, தளத்தில் ஏறும் விலையைவிட நூறு மடங்கு தேவலை. இன்னும் மூன்று வருடம் தள்ளினாலும் டிராயிங்கை முடித்துவிட்டுத் தொடங்குங்கள் என்றுதான் கேட்பேன்.

இன்னொரு வழி பிரிட்டனின் சைஸ்வெல் சி. 2025 ஜூலையில் முடிவானது, 2024 விலைவாசியில் 3,800 கோடி பவுண்டு, அரசே 44.9 சதவீதப் பங்கு. ஹிங்க்லியின் அதே உலை, அதே வரைபடம். கட்டும்போதே நுகர்வோர் கட்டணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிப்பதால் வட்டி குறையும். அதன் ஆபத்தும் வெளிப்படை: தாமதமானால் மக்கள் தலையிலும் விழும். அதனால் நான் அங்கே விலையைவிட வேறொன்றைக் கவனிக்கிறேன். ஹிங்க்லியின் இரண்டாவது யூனிட்டில் பல வேலைகள் முதல் யூனிட்டைவிட 20 முதல் 30 சதவீதம் வேகமாக நடக்கின்றன என்கிறது ஈ.டி.எஃப். அந்த வேகம் ஆட்களின் கையில் இருக்கிறது. ஹிங்க்லியில் குழாய் வேலை முடியும் தேதிக்கும் சைஸ்வெல்லில் குழாய் வேலை தொடங்கும் தேதிக்கும் நடுவில் எத்தனை மாத இடைவெளி, அந்த மாதங்களில் வெல்டர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கப்போகிறார்கள்? ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி இருக்கவேண்டும். வாங்கும் நாடு எதுவானாலும் அந்த வரியைக் கேட்டு வாங்கட்டும்.